வெண்கலத் தொண்டையும் ஜோடி சேராத மெமரியும்

குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் ஏலக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எடுத்துட்டு வேற வைப்பீங்களா?" என்பதுதான்.

"வேற வைக்க முடியாதுங்க. ஆனா நல்லா சாப்பிடலாம், நடக்கலாம், எல்லா வேலையும் பார்க்கலாம். மூச்சு கழுத்துல போடுற துளை வழியா வரும். பேச்சு மட்டும் வராது."

"மட்டும்" என்றார் ஏலக்காரர். மீதிக் கேள்விகளை மகளும் மாப்பிள்ளையும்தான் கேட்டார்கள்.

காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விட்டே வாழ்ந்த மனிதர் அவர். மைக் இல்லாமல், மேசை மேல் ஏறி நின்று, சந்தையின் கடைசிக் கொட்டகை வரை கேட்கிற மாதிரி விலை கூவியவர். அங்கே அவருக்கு வெண்கலத் தொண்டை என்று பெயர். ஓய்வுபெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் வீட்டோடு வந்துவிட்டார். ஆள் வந்தார், தொண்டையும் கூடவே வந்தது. அவர் போனில் பேசினால் மாடி வீட்டுக்காரர்களுக்கு எல்லாச் சேதியும் தெரிந்துவிடும். "மாமா, போனை வெச்சுட்டே பேசுங்க, அவங்களுக்கு நேராவே கேட்கும்" என்று மாப்பிள்ளை கிண்டல் செய்வான். அவரும் சிரிப்பார்.

குரல் கம்ம ஆரம்பித்தபோதும் மாப்பிள்ளை ஒரு கிண்டல் அடித்திருந்தான். "பரவாயில்ல, கொஞ்ச நாள் நம்ம காதுக்கும் ரெஸ்ட்." இப்போது டாக்டரம்மாவின் அறையை விட்டு வெளியே வந்து நடைபாதையில் நிற்கும்போது அந்த வார்த்தை அவன் வாயிலேயே கசந்தது.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மகள் ஒரு ஆடை நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் சட்டைகளின் வெட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பவள். அவளுக்கு அப்பா வைத்த செல்லப்பெயர் சிட்டு. வயது நாற்பதை நெருங்கினாலும் அந்தப் பெயர் போகவில்லை.

மருத்துவமனையிலேயே பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். அறுவை சிகிச்சைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது, அதற்குள் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று வழி சொன்னது அவர்தான். நூற்றுக்கணக்கான வாக்கியங்களை வாசித்து அனுப்பினால், அதை வைத்து இவர் குரல் மாதிரியே ஒரு குரலை உண்டாக்கிக் கொடுப்பார்கள். பிறகு போனில் எழுதினால் போன் இவர் குரலில் பேசும்.

"பாதி பாதியா அனுப்பாதீங்க. எல்லாம் முடிஞ்சதும் மொத்தமா அனுப்புங்க. சத்தமில்லாத ரூமா பார்த்து உட்காருங்க. ஃபேன் கூட ஓடக்கூடாது."

அப்படித்தான் ஆரம்பித்தார்கள். படுக்கையறையில் கம்ப்யூட்டர் முன்னால் ஏலக்காரர், பக்கத்தில் சிட்டு. ஜன்னல் சாத்தியாயிற்று, கதவிடுக்கில் போர்வை திணித்தாயிற்று, மின்விசிறியும் நிறுத்தியாயிற்று. வியர்த்துக் கொட்டிக்கொண்டே அவர் வாசிப்பார்.

"நீல நிறப் பெட்டி கதவுக்குப் பின்னால் இருக்கிறது." வாசித்துவிட்டு மகளைப் பார்ப்பார். "எந்தப் பெட்டி? யாரு அங்க கொண்டு போய் வெச்சா?"

"அப்பா, சும்மா வாசிங்கப்பா. எல்லா எழுத்தும் வரணும்னு எழுதியிருக்காங்க."

"எழுத்து வரட்டும். அர்த்தமும் கொஞ்சம் வந்தா என்னவாம்?"

சிக்கல் கம்ப்யூட்டரில் இருந்தது. சிட்டுவின் வரைபட மென்பொருளுக்கே அது மூச்சு வாங்கும். பதிவு மென்பொருளும் சேர்ந்ததும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று நின்று யோசித்தது. திரையில் வட்டம் சுற்றும். இவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். "நான் போய் டீ குடிச்சுட்டு வந்தாலும் இது சுத்திக்கிட்டேதான் இருக்கு" என்று எரிந்து விழுந்தார். கோபப்பட்டால் தொண்டை இன்னும் கம்மியது. நாள் போகப் போக வாசிக்கிற வாக்கியங்கள் குறைந்துகொண்டே வந்தன.

"மெமரி பத்தல, அவ்வளவுதான். இன்னொண்ணு வாங்கி மாட்டினா பறக்கும்" என்றான் மாப்பிள்ளை.

மெமரி என்பது விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. கடையில் அதை ராம் என்பார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும்போது கையில் எடுத்ததையெல்லாம் அந்த நேரத்துக்கு அதில்தான் வைத்துக்கொள்ளும். சிட்டுவின் கம்ப்யூட்டரில் ஒன்று இருந்தது, பக்கத்தில் ஒரு காலி இடமும் இருந்தது. மாப்பிள்ளை வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குப் போய், இருந்ததிலேயே வேகமான ஒன்றைக் கேட்டான்.

கடையில் இருந்த பெண், "பழசோட சேர்த்தா போடப்போறீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. ரெண்டும் ஒரே வகைதான், பார்த்துட்டேன்."

"வகை ஒண்ணா இருந்தாலும் கம்பெனி வேற, வேகம் வேற. சில நேரம் ஒத்துப்போகும், சில நேரம் போகாது. ஒரே பெட்டியில ஜோடியா வர்றதை வாங்கினா தொல்லை இல்ல. இல்ல இதான் வேணும்னா, மாட்டினதும் மெமரி டெஸ்ட் ஓட்டிப் பாருங்க. கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனா நிச்சயமாத் தெரிஞ்சுடும்."

"ஓட்டிடறேன்" என்றான். சொல்லும்போது ஓட்டுகிற எண்ணத்தில்தான் சொன்னான்.

வீட்டுக்கு வந்தால் மாமனார் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தொண்டை கொஞ்சம் தெளிவாக இருந்தது. "சீக்கிரம் மாட்டுங்க மாப்ளே, குரல் இருக்கும்போதே வாசிச்சுடறேன்" என்றார். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, புதியதைப் பள்ளத்தில் பொருத்தி, இரண்டு பக்கமும் 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினான். பெட்டி உயிர் பெற்றது. புதியது பழையதைவிடப் பெரியது என்பதால் மெமரி மூன்று மடங்காகத் தெரிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வேகமானதை வாங்கிவிட்டு மெதுவாக ஓட்டுவானேன் என்று, கம்ப்யூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய், புதிய தகட்டின் மேல் என்ன வேகம் அச்சிட்டிருந்ததோ அதே வேகத்துக்கு இரண்டையும் ஏற்றிவிட்டான். அதற்கும் கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. சோதனையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியைத் திருகினான்.

நாளைக்கு வேறு வேலை வந்தது.

கம்ப்யூட்டர் உண்மையாகவே பறந்தது. ஏலக்காரர் ஒரு வாக்கியம் முடிக்க, அடுத்தது தயாராக நின்றது. அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "மாப்ளே கைபட்டதும் பாரு, குதிரையா ஓடுது!" ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் முடித்துவிட்டார். எழுதிக் கொடுத்த வாக்கியங்கள் சலித்துப்போய், சிட்டு அவரைச் சொந்தமாகவும் பேச வைத்தாள். திட்டச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், "சிட்டு, இங்க வா" என்று கூப்பிடச் சொன்னாள்.

"ஏலம் ஒண்ணு விடுங்கப்பா."

"எதை விடறது? உன் புருஷனையா?"

"அவரை யாரு எடுப்பா? தக்காளி விடுங்க."

எழுந்து நின்றார். மேசை மேல் ஏறவில்லை, அவ்வளவுதான். இருந்த குரலையெல்லாம் திரட்டி ஒரு கூடைத் தக்காளியை ஏலம் விட்டார். கேட்பவர்களைச் சீண்டி, விலையை ஏற்றி, கடைசியில் முடித்து வைக்கிறவரை ஓரிடத்தில்கூடக் குரல் இடறவில்லை. எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. முடித்துவிட்டு உட்கார்ந்தவர் அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் குரல் பாதியாகிவிட்டது. அதன் பிறகு அது பழையபடி வரவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் மாப்பிள்ளை தன் பங்குக்கு ஒரு வேலை செய்தான். ஆரம்பத்திலிருந்து பதிவான எல்லாவற்றையும் ஒரு மென்பொருளில் போட்டு, பின்னணியில் இருந்த இரைச்சலை நீக்கி, அதே பெயரிலேயே மீண்டும் சேமித்தான். இடையில் ஒரு தடவை திரை நீலமாகி நின்றது. தூசியாக இருக்கும் என்று பெட்டியைத் திறந்து ஊதினான். மறுபடி ஓடியது.

இரண்டு நாள் கழித்து சிட்டு ஒரு சட்டையின் வரைபடத்தைத் திறந்தாள். சட்டைக் கையின் கோடு தோளில் ஆரம்பித்து, தாளைத் தாண்டி, திரையைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, இங்க வாங்க. நான் போட்ட கை இது. இது எந்த ஊருக்குப் போகுது?"

அவன் குனிந்து பார்த்தான். "ஏதாவது தெரியாம இழுத்து விட்டிருப்பே."

"நேத்து சரியாத்தானே இருந்தது? சேவ் பண்ணி மூடினேன், அவ்வளவுதான்."

அவள் வேறு இரண்டைத் திறந்தாள். ஒன்று சரியாக இருந்தது. இன்னொன்று திறக்கவே மறுத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அப்பாவின் பதிவுகள் இருந்த இடத்துக்குப் போனாள். முதலாவதை ஓட விட்டாள். நீல நிறப் பெட்டி கதவுக்குப் பின்னால் இருந்தது. இரண்டாவதில் நடுவே 'படக்' என்று எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி ஒரு சத்தம். அடுத்தது ஓடவே இல்லை. ஏலத்தைப் போட்டாள். விலை ஏறிக்கொண்டே போய், உச்சியில் குரல் கிழிந்து, கரகரவென்று ஏதோ ஓடி, பிறகு ஏலம் முடிகிற இடத்திலிருந்து தொடர்ந்தது.

"டெஸ்ட் ஓட்டச் சொன்னாங்கன்னு சொன்னீங்களே" என்றாள். "ஓட்டினீங்களா?"

அவன் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் திருகுகளைப் பார்த்தான்.

"புதுக் கயிறு மாட்டினா லிஃப்டுல உடனே ஆளை ஏத்துவீங்களா நீங்க?"

"மாட்டேன். காலியா பல தடவை ஏத்தி இறக்கிப் பார்த்துட்டுத்தான்..." என்று ஆரம்பித்தவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் விடுப்பு எடுத்தான். மாமனார் காலை நடைக்குப் போயிருந்த நேரத்தில் சோதனையை ஆரம்பித்தான். சிறிது நேரத்திலேயே திரையில் சிவப்பு வரிகள் மளமளவென்று இறங்கின. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்து ஓட்டினான். ஒரு பிழையும் இல்லை. புதியதைக் கழற்றிப் பழையதை மட்டும் அதற்குரிய வேகத்தில் ஓட்டினான். அதிலும் பிழை இல்லை. இரண்டையும் சேர்த்து அவன் வைத்த வேகத்தில் ஓட்டினால் மறுபடியும் சிவப்பு. தனித்தனியாக இரண்டும் நல்லவைதான். பழையதால் அந்த வேகத்துக்கு ஓட முடியவில்லை. முடியாது என்று சொல்லவும் அதற்கு வழி இல்லை. எப்போதாவது ஓர் எழுத்தை மாற்றி வைத்துவிட்டுச் சும்மா இருந்தது. கம்ப்யூட்டரும் அதை நம்பி, கெட்டுப்போனதைப் பத்திரமாகச் சேமித்து வைத்தது. புதியதை மாட்டுவதற்கு முன் நல்ல நிலையில் பதிவானவற்றையும், இரைச்சல் நீக்குகிறேன் என்று அவனே எடுத்து அதன் வழியாக ஓட்டியிருந்தான்.

பழையதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, புதியதை மட்டும் மாட்டி மூடினான். ஒன்றே தாராளமாகப் போதும் என்று இப்போதுதான் தெரிந்தது.

"அப்பாகிட்ட யாரு சொல்றது?" என்றாள் சிட்டு.

"நான்தான் சொல்லணும்."

மாமனார் அடுக்களையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எதிரே போய் உட்கார்ந்தான். அவனும் ஒரு கை பட்டாணியை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். பிறகு சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான். கடையில் என்ன சொன்னார்கள், தான் என்ன செய்யாமல் விட்டான், எது கெட்டுப்போனது, ஏலம் கெட்டுப்போனது, எல்லாவற்றையும்.

ஏலக்காரர் சட்டென்று எழுந்தார். கத்தத்தான் வாயைத் திறந்தார். வந்தது வெறும் காற்றும், தகரத்தில் எதையோ இழுத்த மாதிரி ஒரு கீச்சலும்தான். அந்தச் சத்தம் அவரையே திகைக்க வைத்தது. வாயை மூடினார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சிட்டு பின்னாலேயே ஓடப் பார்த்தாள். "விடு, போகட்டும்" என்றான் அவன். பிறகு அவனாலேயே உட்கார முடியாமல் பால்கனிக்குப் போய் நின்றான். மாமனார் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தது அங்கிருந்து தெரிந்தது. பேருந்துகள் வந்தன, போயின. அவர் எதிலும் ஏறவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார். கை கழுவினார். தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு மெதுவான குரலில் கேட்டார்.

"எவ்வளவு தேறும்?"

"ஒவ்வொண்ணா கேட்டாத்தான் மாமா தெரியும்."

"அப்ப கேட்போம். கூடை அழுகிடுச்சுன்னு அப்படியே கொட்டிட முடியுமா?"

மூவரும் உட்கார்ந்து கேட்டார்கள். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று சிட்டு பிரித்தாள். சிறு 'படக்' சத்தங்களைக்கூட மாப்பிள்ளை விடவில்லை. லிஃப்ட் சக்கரத்தில் வருகிற சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடித்துப் பழகிய காது. ஏலக்காரர் தன் குரலை இவ்வளவு நேரம் கேட்டது இதுதான் முதல் தடவை. "யாருடா இவன், இப்படிக் கத்துறான்? இவன்கூட எப்படித்தான் குடித்தனம் பண்ணுனீங்க?" என்றார். சிட்டு சிரிக்க ஆரம்பித்து, பாதியில் எழுந்து முகம் கழுவப் போனாள்.

தேறியது மிகக் குறைவு. பேச்சுப் பயிற்சியாளரிடம் கொண்டு போனார்கள்.

"இதை மட்டும் வெச்சு குரல் பண்ண முடியாது, பத்தாது" என்றார் அவர். "மீதியைப் புதுசா வாசிக்கலாம். ஆனா இதுல இருக்கிற குரல் வேற, இப்ப இருக்கிற குரல் வேற. ரெண்டையும் கலந்தா, வர்ற குரல் ஒரு வார்த்தை அப்படி, ஒரு வார்த்தை இப்படின்னு தடுமாறும். யோசிச்சு ஏதாவது ஒண்ணுன்னு முடிவு பண்ணுங்க."

"கலக்கிறது வேண்டாம்" என்றான் மாப்பிள்ளை, யோசிக்காமலே.

திரும்பி வரும்போது சிட்டு விடவில்லை. "அப்பா, கொஞ்ச நாள் பேசாம இருங்க. தொண்டைக்கு ஓய்வு கொடுத்தா பழைய குரல் ஒரு ரெண்டு நாளாவது வராதா? அதுல மீதியை வாசிச்சுடலாம். இந்தக் கம்முன குரல் உங்களுது இல்லப்பா."

"வராதும்மா. எனக்குத் தெரியும்."

"முயற்சி பண்ணினா என்ன?"

"முயற்சி பண்ணி வரலைன்னா? அப்ப இதுவும் இருக்காது." அவர் நடையை நிறுத்தி மூச்சு வாங்கினார். "இதுவும் என் குரல்தான், சிட்டு. இப்ப உன்கூடப் பேசுறது வேற யாரு?"

அவள் கோபமாக இரண்டடி முன்னால் நடந்தாள். ஆனால் அன்று சாயங்காலம் கதவிடுக்கில் போர்வையைத் திணித்தது அவள்தான்.

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நீல நிறப் பெட்டி, கதவு, மழை, ஜன்னல். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். ஒவ்வொரு நாள் பதிவையும் மாப்பிள்ளை மூன்று இடங்களில் நகல் எடுத்து, நகலையும் காதில் போட்டுக் கேட்ட பிறகுதான் எழுந்தான். யாரும் அவனைக் கேட்கச் சொல்லவில்லை. ஒருநாள் ஏலக்காரர் அவன் தோளில் தட்டி, "போதும் மாப்ளே, அது எங்கயும் ஓடிடாது" என்றார். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அவனும் அதைக் கேட்கவில்லை. சில நாட்களில் குரல் முற்றிலும் அடைத்துக்கொண்டது; அன்றெல்லாம் மூவரும் சும்மா உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். எல்லா வாக்கியங்களையும் முடிக்க முடியவில்லை. முடிந்தவரை அனுப்பினார்கள். பயிற்சியாளர் பார்த்துவிட்டு, இது போதும், வேலை ஆகும் என்றார்.

அறுவை சிகிச்சைக்கு உள்ளே போகும் முன் சிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது சொல்லுங்கப்பா" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "பசிக்குது" என்றார். முந்தைய நாளிலிருந்து அவருக்கு ஒன்றும் தரவில்லை.

நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துளையோடும் கையில் சிலேட்டோடும் வீட்டுக்கு வந்தார். எழுதிக் காட்டுவதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது என்று ஆரம்பத்தில் சிலேட்டைத் தூக்கிப் போட்டார், பிறகு அவரே எடுத்துக்கொண்டார். குரல் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மாப்பிள்ளை அதை அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தான். ஏலக்காரர் ஒற்றை விரலால் தேடித் தேடி எழுதினார். போன் பேசியது.

"மாப்ளே, ஃபேனைப் போடுங்க."

கம்மிய குரல். எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் நின்று வந்தது. 'ழ' சரியாக வரவில்லை. ஆனால் கேட்டவுடன் யார் என்று தெரிந்தது. சிட்டு போய் மின்விசிறியைப் போட்டாள்.

கெட்டுப்போன அந்த ஏலத்தை அவள் அழிக்கவில்லை. தன் போனில் வைத்திருக்கிறாள். இதுவரை திறந்து கேட்கவில்லை.

அடுத்த வாரம் வெளியூரிலிருந்து ஏலக்காரரின் அக்கா போன் செய்தார். வயதானவர், காது கொஞ்சம் மந்தம். தம்பிக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று பலரும் பல தடவை சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் என்பது மட்டும்தான் அவர் காதில் ஏறியிருந்தது. சிட்டு இரண்டு போன்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஏலக்காரர் எழுதினார், ஒரு போன் பேசியது, இன்னொன்று கேட்டது.

"நல்லா இருக்கேன் அக்கா. நீ எப்படி இருக்கே?"

"நான் இருக்கேன்டா தம்பி. அது சரி, அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணியும் இன்னும் தொண்டைக்கட்டு சரியாகலையா உனக்கு?"

மாப்பிள்ளை மாமனாரின் முகத்தைப் பார்த்தான். ஏலக்காரரின் தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லை, கழுத்துத் துளையில் காற்று மட்டும் விட்டு விட்டு வந்தது. அவர் சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ள மாப்பிள்ளைக்கு ஒரு கணம் பிடித்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலால் எழுத்துகளைத் தேட ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அக்கா பொறுமை இழந்து, "ஹலோ? ஹலோ? இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இருக்கேன் அக்கா" என்றது போன். "கத்தாதே, எனக்கு நல்லாக் கேட்குது."